அறைக்குள் ஒரு கெட்டில்

அன்புள்ள ஐயா,

எங்கள் மகளிர் விடுதியில் ஆறரை மணிக்கே கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். ஒரு லட்சிய சமூகத்தை நாமே கட்டினால் அதில் தனிமனித சுதந்திரம் எவ்வளவு, கட்டுப்பாடு எவ்வளவு இருக்க வேண்டும்? எல்லோரும் நல்லவர்களாகிவிட்டால் கட்டுப்பாடே தேவைப்படாதுதானே?

வி.

அன்புள்ள வி.,

ஆறரை மணி கேட் அநியாயம். அதில் வாதாட ஒன்றுமில்லை. எவ்வளவு, எவ்வளவு என்பது படி போட்டு அளக்கிற விஷயமும் இல்லை. ஆனால் உங்கள் கடைசி வரி எனக்குக் கோபத்தை வரவழைத்தது. படிக்கிற பெண் இப்படி யோசிக்காமல் எழுதலாமா? நல்லவர்கள் கூடும் இடத்தில்தான் கட்டுப்பாடு கழுத்தை நெரிக்கும். தான் செய்வது தப்போ என்ற சந்தேகமே அவர்களுக்கு வராது.

கொஞ்ச நாளாக இஸ்ரேலின் கிப்புட்ஸ்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழலாம் என்று கூடித் தொடங்கிய விவசாயக் குடியிருப்புகள் அவை. முதலாவதான தெகானியா 1910இல் கலிலேயா ஏரிக்கரையில் உருவானது. அந்த நிலம் யாருடையது என்பது பெரிய வழக்கு, இந்தப் பதிலில் அடங்காது. உள்ளே வாழ்ந்தவர்களைப் பாருங்கள். தனிச்சொத்து இல்லை, சம்பளம் இல்லை, சாப்பாடு பொதுக்கூடத்தில். ஆரம்பத்தில் பல இடங்களில் உடுத்தும் துணிகூடப் பொதுவில்தான். முதலாளியும் கிடையாது, வார்டனும் கிடையாது. கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுத்தார்கள்.

அந்த நல்லவர்கள் எதற்குச் சண்டை போட்டார்கள் தெரியுமா? கெட்டிலுக்கு. தன் அறையில் டீ போட ஒருவர் கெட்டில் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? அறையிலேயே டீ கிடைத்தால் சாயங்காலம் பொதுக்கூடத்துக்கு யார் வருவார்கள் என்று பயந்தார்கள். பயம் நியாயமானதுதான். இருந்தாலும், நாளெல்லாம் வயலில் வேலை செய்த ஒருத்தி யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு டம்ளர் டீ குடிக்க ஊர் கூடி அனுமதி தர வேண்டுமா?

எங்கள் கூட்டுக்குடும்பத்தில், கணவரை இழந்து வந்த அத்தை ஒருவர் இருந்தார். அடுப்படி முழுக்க அவர் தலையில்தான். அவருடைய டிரங்குப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது என்று தாத்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்குப் போட்ட அந்தக் கட்டுப்பாடுதான் அத்தைக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே சுதந்திரம். இரண்டையும் எதிரிகளாக நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள், அம்மா. கட்டுப்பாடு யார் கையைப் பிடிக்கிறது என்று கேளுங்கள்.

பெரும்பாலான கிப்புட்ஸ்களில் பிள்ளைகள் இரவில் குழந்தைகள் இல்லத்தில்தான் தூங்கினார்கள். சாயங்காலம் சில மணி நேரம் பெற்றோருடன் இருப்பார்கள். அப்புறம் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு வர வேண்டும். ராத்திரி அழுதால் முறைக்காவலில் இருப்பவர்தான் வந்து பார்ப்பார். பெண்களை வீட்டு வேலையிலிருந்து விடுவிக்கவும்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அங்கேயே வளர்ந்து தாயான பெண்கள்தான் பிள்ளை எங்களோடு தூங்கட்டும் என்று முன்னால் நின்று கேட்டார்கள். 1990களில் அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது.

2007இல் தெகானியாவே வேலைக்கேற்ற சம்பளத்துக்கு மாறியது. சுதந்திரம் ஜெயித்தது என்று சிலர் கொண்டாடினார்கள். என்னால் முடியவில்லை. ஒருவர் நோயில் விழுந்தால் எல்லோரும் சேர்ந்து தாங்கிய ஏற்பாடு அது. பழைய முறையை விடாத கிப்புட்ஸ்கள் இன்றும் இருக்கின்றன. வருமானம் பொதுவில் இருக்கிறது, பிள்ளைகள் வீட்டில் தூங்குகிறார்கள். அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.