பாதியில் சிக்கும் கதவுக் கண்ணாடி

வணக்கம் நண்பரே. லம்போர்கினி கவுன்டாக் கார் மாடலில் செய்த ஃபைபர் கதவில் மாருதி ஸ்விஃப்ட் காரின் ரெகுலேட்டர் (கண்ணாடியை ஏற்றி இறக்கும் கருவி) மாட்டியும் கண்ணாடி பாதி ஏறியதும் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது, பெரிய மோட்டார் போடலாமா என்கிறீர்கள். வேண்டாம், ரெகுலேட்டரின் கேபிள்தான் அறும்.

முதலில் ரெகுலேட்டரிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கையால் ஏற்றி இறக்குங்கள். கையிலேயே இறுகினால் கோளாறு சேனலில், அதாவது கண்ணாடியின் ஓரம் ஓடும் பள்ளத்தில். முன், பின் சேனல் இடைவெளியை மேல், நடு, கீழ் என்று அளங்கள், 2 மி.மீ. மாறினாலே சிக்கும். கையில் வழுக்கிக்கொண்டு போனால் தூக்கும் இடம் தப்பு. ஒற்றை ரெயில் ரெகுலேட்டர், கண்ணாடியின் எடை மையத்துக்கு நேர் கீழே பிடிக்க வேண்டும். ரெயில் பின் சேனலுக்கு இணையாக நிற்க வேண்டும். ஸ்விஃப்ட் ரெயிலில் வளைவு உண்டு, தட்டைக் கண்ணாடிக்கு அது ஒத்துவராது.

டஃபன் செய்த (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியை அறுக்கவோ துளைக்கவோ முடியாது, பொடிப்பொடியாகிவிடும். 5 மி.மீ. பிளைவுட்டில் மாதிரி வெட்டி சேனலில் ஓட்டிப் பார்த்த பிறகே கண்ணாடிக்கு ஆர்டர் கொடுங்கள். (அசல் கவுன்டாக்கிலேயே கண்ணாடியில் சின்னப் பகுதிதான் திறக்கும். அப்படியே விட்டாலும் குறையில்லை.)

ரெகுலேட்டரை ஃபைபரில் நேரடியாக முடுக்காதீர்கள், வளைந்துகொடுக்கும். உள்ளே 2 மி.மீ. இரும்புத் தகடு கொடுங்கள். புதுச்சேரி உப்புக்காற்றுக்குத் தகட்டில் ஜிங்க் பிரைமர், ஸ்டெயின்லெஸ் போல்ட், கதவடியில் 8 மி.மீ. வடிகால் துளை இரண்டு.