சார்வோலை என்றால் என்ன? சின்னப் பிள்ளைகளின் கைவேலைக்கு அதை ஏன் எடுக்கிறார்கள்?

பனையின் உச்சியில் இன்னும் விரியாமல் மடிந்தபடி நிற்கும் இளங்குருத்துதான் சார்வோலை. வெட்டி வெயிலில் காயவிட்டால் வெளிறி வரும். இலங்கையின் வடக்கே வன்னியில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, பனங்கட்டி போடும் குட்டான் எல்லாம் இழைப்பது இதில்தான்.

நாலு வயதுப் பிள்ளைக்கு விரல்பலம் குறைவு. முற்றின ஓலையில் நார் இறுகிவிடும். மடித்தால் வெடிக்கும், விளிம்பு கையைக் கீறும். குருத்து இளசாக இருப்பதால் நார் இறுகியிருக்காது. ரொட்டி மாவை எப்படியும் மடிக்கலாம், சுட்டு ஆறிய ரொட்டியை மடித்தால் பிளக்கும் அல்லவா, அதே கதைதான். காய்ந்த சார்வோலையை இழைக்கமுன் ஈரத்துணியில் கொஞ்சநேரம் சுற்றி வையுங்கள்.

ஞாயிறு பின்னேரம் அயல்வீட்டுப் பிள்ளைகள் விறாந்தையில் கூடினால் முதலில் காற்றாடி செய்யுங்கள். இரண்டு கீலத்தை (ஓலைக் கீற்றை) ஒன்றுக்குள் ஒன்று மடித்துக் கோர்த்து, நடுவில் முள்ளொன்று குத்தினால் சரி. முள்ளும் கத்தியும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். பிளேன்ரீ ஆறுவதற்குள் ஒருத்தர் காற்றாடியை விட்டுவிட்டு ஓலையைத் தலையில் கட்டிக்கொள்வார், விடுங்கள்.

குருத்தை வெட்டினால் பனை பட்டுப்போகும் என்று சிலர் நினைப்பது பிழை: உள்ளே வளரும் நுனி காயப்படாவிட்டால் அடுத்த குருத்து வரும், ஒரே மரத்தில் அடுத்தடுத்து வெட்டினால்தான் மரம் நலியும்.