டெல்லி கன்னாட் பிளேஸில் எம் பிளாக் கண்டுபிடிப்பது எப்படி?

திங்கட்கிழமை எம் பிளாக்கில் இன்டர்வியூ, போன தடவை ராஜீவ் சௌக் மெட்ரோவில் இறங்கி வட்டத்தையே சுற்றிச்சுற்றி வந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே புதிதாக வரும் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். வட்டமான இந்தக் கடைவீதி, 1929-லிருந்து 1933 வரை ராபர்ட் டோர் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் கட்டியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வெள்ளைத் தூண், அதே வராந்தா.

நீங்கள் சுற்றியது உள்வட்டமாக இருக்கும். அங்கே ஏ முதல் எஃப் வரைதான். ஜி-யிலிருந்து வெளிவட்டம், எம் அங்கேதான் வரும். அதனால் மேலே வந்ததும் தூணில் உள்ள எழுத்தைப் பாருங்கள். வட்டத்தைச் சுற்றாமல், உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குப் போகும் ஏதாவது ஒரு ஆரச் சாலையில் (ரேடியல் ரோடு) நேராக வெளியே நடந்துவிடுங்கள். வெளிவட்டத்தில் வண்டிகள் சீறிப் பாயும், சுரங்கப்பாதையில் கடப்பதே நல்லது.

ஆட்டோக்காரரிடம் 'சி.பி., எம் பிளாக், அவுட்டர் சர்க்கிள்' என்று சொல்லுங்கள் (கன்னாட் பிளேஸைச் சுருக்கமாக சி.பி. என்பார்கள்). ராஜீவ் சௌக் என்றால் பலர் மெட்ரோ வாசலில் இறக்கிவிடுவார்கள். அப்புறம், வழி காட்டுகிறேன் என்று தானாக வந்து ஒட்டிக்கொள்பவர் பின்னால் போகாதீர்கள். டிராவல் ஏஜென்சியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்.