வாசகர் கேள்வி – பதில்: கூடத்துக்குள் ஒரு ஹெலிகாப்டர்

வீட்டுக்குள் ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிடத் தொடங்குபவர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடம் 12 அடிக்கு 14 அடி. அதில் ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டிப் பழக விரும்புகிறேன். கடையில் மூன்று சேனல், நான்கு சேனல், ஆறு சேனல் என்று அடுக்குகிறார்கள். எதை வாங்குவது? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் தனித்தனியாகக் கட்டளையிடக்கூடிய அசைவுகளின் எண்ணிக்கையையே சேனல் என்கிறார்கள். சைமா எஸ்107 போன்ற மூன்று சேனல் ஹெலிகாப்டர் ஏறி இறங்கும், முன்னும் பின்னும் போகும், இடமும் வலமும் திரும்பும். ஆனால் பக்கவாட்டில் நகராது. இதில் ஒரே அச்சில் இரண்டு ரோட்டார்கள், அதாவது சுழலும் இறக்கைத் தொகுதிகள், எதிரெதிர்த் திசைகளில் சுழல்வதால், ஒன்றின் முறுக்கு விசையை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது. இரண்டின் வேகத்திலும் சிறிது வித்தியாசம் செய்தால் உடல் திரும்புகிறது. வாலில் படுக்கைவாக்கில் பொருத்திய சிறு விசிறி வாலைத் தூக்கினால் முன்னே போகிறது, தாழ்த்தினால் பின்னே வருகிறது.

உச்சியில் முனைகளில் எடை வைத்த தண்டு ஒன்றும் சேர்ந்து சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டார் சாயாமல் காக்கும் அந்தத் தண்டு பொம்மைக்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஆர்தர் யங் சிறிய மாதிரி ஹெலிகாப்டர்களை வைத்துச் சோதித்துச் சோதித்து இந்த ஏற்பாட்டை உருவாக்கி, 1941இல் பெல் விமான நிறுவனத்திடம் கொண்டுசென்றார். அதைத் தலையில் சுமந்த பெல் 47தான் 1946இல் அந்நாட்டில் பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர்.

இரட்டை ரோட்டார் ஹெலிகாப்டரை வாங்கிய அன்றே ஓட்டிவிடலாம். ஆனால் அதிலேயே மாதக்கணக்கில் பழகுவதை நான் பரிந்துரைப்பதில்லை. காரணம், மூன்று சேனல் ரிமோட்டுகளில் பொதுவாக இடம் வலம் திருப்பும் வேலை வலது ஸ்டிக்கில் இருக்கும். நான்கு சேனலுக்கு வந்தால், பரவலாகப் பயன்படும் மோட் 2 என்ற ஸ்டிக் அமைப்பில், அந்த வேலை இடது ஸ்டிக்குக்குப் போய்விடும்; வலது ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் ஹெலிகாப்டர் திரும்பாமல் இடப்பக்கமாகச் சாய்ந்து நகரும். விரல்களில் ஊறிய பழக்கத்தை மாற்றுவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

எனவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், டபிள்யூஎல் டாய்ஸ் வி911 போன்ற, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதான, ஒற்றை ரோட்டாரும் வால்விசிறியும், உடல் தானாகச் சுற்றுவதை உணர்ந்து தடுக்கும் ஜைரோ என்ற உணரியும் கொண்ட நான்கு சேனல் ஹெலிகாப்டரை வாங்குங்கள். இறக்கைகளின் கோணம் மாறாமல், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே இது ஏறி இறங்கும். எடை மிகக் குறைவாதலால் சுவரில் மோதினாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். இறக்கைகளின் கோணத்தையே மாற்றித் தலைகீழாகவும் பறக்கும் ஆறு சேனல் வகை, மிக வேகமாகச் சுழல்வது. உங்கள் கூடத்துக்கும் முதல் ஆண்டுக்கும் அது வேண்டாம்.

உயரத்தைத் தானே காக்கும் வகை இப்போது நிறைய விற்கிறது. காற்றழுத்தத்தை அளக்கும் உணரி ஒன்று, நீங்கள் ஸ்டிக்கை விட்டாலும் ஹெலிகாப்டரை அதே உயரத்தில் நிறுத்தும். சிறுவர்களுக்கு நல்லதுதான். ஆனால் உயரத்தைக் கருவி பார்த்துக்கொண்டால், அந்த வேலைக்குரிய உங்கள் இடது கட்டைவிரல் எதையும் கற்காது. ஓட்டக் கற்றுக்கொள்வதே நோக்கமென்றால் அதைத் தவிர்ப்பது நலம்.

12 அடிக்கு 14 அடி போதும். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிடுங்கள். அவற்றின் காற்றே இந்த எடையை அடித்துக்கொண்டுபோகும்.

கேள்வி: நான்கு சேனல் ஹெலிகாப்டர் வாங்கினேன். தரையை விட்டு எழும்போதே இடப்பக்கம் வழுக்கிக்கொண்டுபோய்ச் சுவரில் மோதுகிறது. இயந்திரத்தில் குறையா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் குறை இல்லை. மாதிரி ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவற்றின் ரோட்டார், மேலிருந்து பார்க்கும்போது, கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. அதன் எதிர்விளைவாக உடல் மறுதிசையில் சுற்ற முயலும். அதைத் தடுக்க வால்விசிறி வாலை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளுதல் வாலோடு நிற்பதில்லை, முழு ஹெலிகாப்டரையும் இடப்பக்கம் நகர்த்துகிறது. இதனால் ஒற்றை ரோட்டார் ஹெலிகாப்டர் ஓரிடத்தில் நிற்க வேண்டுமானால் சற்று வலப்பக்கம் சாய்ந்தே நிற்க வேண்டும். எழும்பும் தறுவாயில் வலது ஸ்டிக்கில் மிகச் சிறிதளவு வலப்பக்க அழுத்தம் கொடுங்கள். நிலையாக நின்ற பின்னும் நகர்வு தொடர்ந்தால், ரிமோட்டில் சிறு திருத்தங்களுக்கென்று உள்ள டிரிம் பொத்தானால் சரிசெய்யுங்கள்.

பேட்டரியை இணைத்தவுடன் ஹெலிகாப்டரைச் சமதளத்தில் வைத்துச் சில விநாடிகள் தொடாமல் விட்டீர்களா என்பதையும் பாருங்கள். ஜைரோ அப்போதுதான் எது அசையாத நிலை என்பதைக் குறித்துக்கொள்கிறது. கையில் பிடித்துக்கொண்டே இணைத்தால், கையின் அசைவால் அந்தக் கணக்கு பிசகிவிடும்.

இன்னொரு காரணம், நீங்கள் பயந்து பயந்து மெதுவாக எழுப்புவது. தரையிலிருந்து ஏறத்தாழ ரோட்டாரின் விட்டத்தளவு உயரம் வரை, கீழே தள்ளிய காற்று தரையில் பட்டுத் திரும்பி ஹெலிகாப்டரையே அலைக்கழிக்கும். அந்தக் கலங்கிய உயரத்தில் தயங்கி நிற்பதுதான் புதியவர்கள் படும் பாட்டுக்கெல்லாம் மூலம். சிறிது உறுதியாக த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்) கூட்டி, முழங்காலுக்கு மேலே கொண்டுவந்துவிடுங்கள்; அங்கே காற்று தெளிவாக இருக்கும். சுவருக்கு அருகிலும் இதே சிக்கல் உண்டு. மேற்கூரைக்கு அருகில் போனாலோ ஹெலிகாப்டர் மேல்நோக்கி இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஆகவே கூடத்தின் நடுவில், இடுப்பு உயரத்தில் பழகுங்கள். வழுவழுப்பான டைல்ஸ் அல்லது மொசைக் தரை நல்லது. கம்பளத்தில் கால்கள் சிக்கினால் எழும்புமுன்பே கவிழும்.

மோதப்போகிறது என்று தெரிந்ததும் த்ராட்டிலை உடனே முழுவதும் இறக்கிவிடுங்கள். விழுந்து உடைவதைவிட, எதிலோ சிக்கிய இறக்கையைச் சுழற்ற முயன்று மோட்டார் சூடேறிக் கெடுவதே அதிகம். முதல் நாளிலேயே கைக்கு வரவேண்டிய பழக்கம் இதுதான். மற்றவற்றையெல்லாம் பிறகு கற்கலாம்.

கேள்வி: மாலையில் ஜன்னலோரம் போனாலே எங்கள் ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டை இழக்கிறது. ஏன்? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்களுடையது டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியால் இயங்கும் வகையாக இருக்க வேண்டும். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் நிறைய இருப்பதால் ரிமோட்டின் சைகை அதில் அமிழ்ந்துபோகிறது. திரையை இழுத்துவிடுங்கள், அல்லது விளக்கு வைத்த பிறகு ஓட்டுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இயங்கும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: என் மகன் ஹெலிகாப்டரின் வால் தன் பக்கம் இருக்கும்வரை நன்றாக நிறுத்துகிறான். மூக்கு அவன் பக்கம் திரும்பியதும் எல்லாம் குழம்பி விழுந்துவிடுகிறது. எப்படிப் பழக்குவது? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வால் நம் பக்கம் இருக்கையில் அதன் இடம் வலமும் நம் இடம் வலமும் ஒன்றே. மூக்கு நம்மைப் பார்க்கும்போது அதன் வலம் நமக்கு இடமாகிவிடுகிறது. முன்னே போ என்றால் நம் முகத்தை நோக்கி வருகிறது. எல்லாரும் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

நேரடியாக மூக்கைத் திருப்ப வேண்டாம். முதலில் வாலைச் சற்றே ஒரு பக்கம் விலக்கி நிறுத்தட்டும். அது இயல்பானதும் முழுப் பக்கவாட்டில், இடப்பக்கமும் வலப்பக்கமும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும். கடினமான பக்கத்துக்கே கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். அதன்பிறகு மூக்கு. அப்போது ஒரு சூத்திரம் உதவும்: ஹெலிகாப்டர் அவன் பார்வையில் எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்கத்துக்கே வலது ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். அவனுடைய இடக்கைப் பக்கம் போனால் இடப்பக்கம், அவனை நோக்கி வந்தால் அவனை நோக்கியே. யோசித்துச் செய்வதற்கு நேரமில்லாத போது இந்த ஒரு விதி காப்பாற்றும். திருப்பும் ஸ்டிக்குக்கு இது பொருந்தாது. கடிகாரச் சுற்று எங்கிருந்து பார்த்தாலும் கடிகாரச் சுற்றுதான்.

வீட்டில் கணினி இருந்தால் ரியல்ஃப்ளைட் போன்ற சிமுலேட்டரில் இந்தப் பாடத்தைப் பழகலாம். அங்கே விழுந்தால் இறக்கை செலவு இல்லை.

கேள்வி: பேட்டரி சில மாதங்களிலேயே உப்பிவிட்டது. இன்னும் பறக்கிறது, பயன்படுத்தலாமா? – ஒரு வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். இவை லித்தியம் பாலிமர் பேட்டரிகள். உப்புவது உள்ளே வாயு உண்டாகிவிட்டதன் அடையாளம். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த பேட்டரிக்கு: ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெடும். ஹெலிகாப்டர் ஏறத் திணறத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள், கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டாம். பறந்து முடித்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். அந்த இடைவேளை மோட்டாருக்கும் நல்லது. உடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள், சார்ஜ் ஏறும்போது வீட்டில் ஆள் இருக்கட்டும். பல நாள் ஓட்டப்போவதில்லை என்றால் ஏறத்தாழ பாதி அளவில், 3.8 வோல்ட் அருகில் வைத்திருங்கள். முழுதாக ஏற்றி, சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவைப்பதைப்போல அதைக் கெடுக்கும் வழி வேறில்லை.

கேள்வி: திருமண மண்டபம் காலியாக இருக்கும் நாளில் அங்கே ஓட்டலாமா? அரசு அனுமதி வேண்டுமா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இந்தியாவின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை எடையுள்ளவை நானோ பிரிவு, அவற்றை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. நீங்கள் ஓட்டப்போவது அதைவிடப் பன்மடங்கு எடை குறைந்தது. மண்டபக்காரரின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சரவிளக்குகள் எங்கே தொங்குகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை உங்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள். இந்தச் சிறு இறக்கைகள் தோலில் பட்டால் சுரீரென்று வலிக்கும், அவ்வளவுதான், ஆனால் கண்ணில் பட்டால் அப்படியல்ல.