எதற்காக இந்த விருது?

அன்புள்ள ஐயா,

கோவைக்கு வெளியே ஒரு சர்வதேசப் பள்ளியில் நடுநிலைப் பிரிவு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஐபி எனப்படும் 'இன்டர்நேஷனல் பாக்கலரியேட்' பாடத்திட்டம். பிள்ளைகள் 420 பேர். ஆசிரியர்களும் மற்றப் பணியாளர்களுமாக 110 பேர். மார்ச்சில் நடக்கும் விருது விழாவை இந்த வருடம் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். போன வருட விழா மூன்றரை மணி நேரம் ஓடியது. அதே பன்னிரண்டு பிள்ளைகள் திரும்பத் திரும்ப மேடையேறினார்கள். பெற்றோர் பாதியிலேயே எழுந்து போனார்கள். ஒரு கொரியப் பிள்ளையின் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டதில் அவள் எழுந்தே வரவில்லை. பணியாளர்களுக்கு இருந்தது 'சிறந்த ஆசிரியர்' விருது ஒன்றுதான். அதை ஓட்டுப்போட்டு முடிவு செய்ததில் ஆசிரியர் அறையில் பல நாள் மனக்கசப்பு. விருதே வேண்டாம் என்கிறார் ஒரு சக ஆசிரியர். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்று கொடுத்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். நான் எதைச் செய்வது? இன்னொன்றும் உண்டு. எங்கள் பஸ் டிரைவர் ஒருவரைக் கௌரவிக்க ஆசைப்படுகிறோம். அவர் மேடைக்கு வரமாட்டேன் என்கிறார்.

ஓர் ஆசிரியை, கோவை

அன்புள்ள ஆசிரியைக்கு,

விருதே வேண்டாம் என்பவருக்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வு நிற்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் செய்தது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். 'வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும்' என்று முதல் குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு, எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பிள்ளைகளைத் தம் இஷ்டத்துக்கு விட்டுக் கவனித்தபோது, பேரம் பேசிப் பரிசு வாங்கிய பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களின் ஆசை குறையவில்லை. ஆகவே முதல் காரியமாக, 'இதைச் செய்தால் இந்த விருது' என்று வருட ஆரம்பத்தில் வகுப்புச் சுவரில் ஒட்டும் பட்டியலை எடுத்துவிடுங்கள்.

எதிர்பாராமல் கொடுப்பதெல்லாம் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. கலிஃபோர்னியாவில் 15,329 மாணவர்களை வைத்து நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மாதம் முழுக்கப் பள்ளிக்கு வந்தவர்களுக்குப் பின்னால் விருது கொடுத்தபோது அவர்களுடைய அடுத்த மாத வருகை குறைந்தது. 'மற்றவர்களைவிட அதிகமாக வந்துவிட்டோம்போல, இவ்வளவு தேவையில்லை' என்ற சேதியாகவே விருது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நம் பள்ளிகளில் முழு வருகை விருது இன்னும் இருக்கிறது. காய்ச்சலோடு பிள்ளையை பஸ் ஏற்றி அனுப்பவும் அது காரணமாகிறது. அதைக் கைவிடுங்கள்.

எல்லாருக்கும் கொடுக்கலாம் என்பவரின் நல்ல மனசு புரிகிறது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே அது தெரிந்துவிடும். 24 பேர் வகுப்பில் 24 சான்றிதழ், 'இனிய புன்னகை', 'நேர்த்தியான மேசை' என்று பெயர் மட்டும் வேறு வேறு என்றால், வீட்டுக்குப் போகும்போதே அது புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும்.

என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். உங்கள் விழாவின் உயிர், சான்றிதழில் பெயருக்குக் கீழே வரும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. 'நீ இதைச் செய்ததை நாங்கள் பார்த்தோம்' என்று அது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் காரணத்தைக் கூட்டம் தானே எழுதிக்கொள்ளும்: மிஸ்ஸுக்குப் பிடித்த பிள்ளை, டிரஸ்டியின் சொந்தக்காரர்.

வழக்கமான வரி இப்படி இருக்கும்: 'கல்வியாண்டு முழுவதும் சிறந்த முறையில் பங்களித்தமைக்காக.' இந்த வரியை யார் பெயருக்குக் கீழே வேண்டுமானாலும் போடலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளைகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூவருக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்ததற்காக.' இதில் நாள் இருக்கிறது, நேரம் தெரிகிறது, வேலை தெரிகிறது. சபையில் படித்தால் 12 நொடி ஆகாது. அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் சபையில்தான் இருப்பார்கள். அவர்கள் கைதட்டுவதைக் கேட்டுப் பாருங்கள். எழுதிய வரியில் பெயரை மட்டும் மாற்றி வேறொரு பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் வரி தேறவில்லை, திருப்பி எழுதுங்கள்.

பிப்ரவரிக் கடைசியில் உட்கார்ந்தால் இப்படி எழுத வராது, எல்லாம் மறந்திருக்கும். ஆசிரியர் எல்லாரும் எழுதக்கூடிய ஒரு தாளை இந்த வாரமே கணினியில் திறந்துவிடுங்கள். நான்கு கட்டம் போதும்: தேதி, பெயர், என்ன செய்தார், யார் பார்த்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் முடிந்ததும் ஆளுக்கு ஒரு வரி. மாதக் கடைசியில் வகுப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, இதுவரை பெயரே வராத பிள்ளைகளைத் தனியே எடுங்கள். பேசாத பிள்ளை, நடுவில் சேர்ந்த பிள்ளை, ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளை என்றுதான் அந்தப் பட்டியல் பெரும்பாலும் இருக்கும். அவர்களுக்காக எதையும் புனைய வேண்டாம். இரண்டு ஆசிரியர்களிடம் அந்தப் பெயர்களைக் கொடுத்து, வரும் மாதம் இவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று சொன்னால் போதும். அதே பன்னிரண்டு பேர் மேடையேறும் கதை இங்கேதான் மாற ஆரம்பிக்கும்.

ஐபி பள்ளிகளுக்கென்று ஒரு சறுக்கல் உண்டு. கற்போர் பண்புகள் என்று பத்து இருக்கின்றன: விசாரிப்பவர், சிந்திப்பவர், அக்கறையுள்ளவர், துணிந்து முயல்பவர், சமநிலையுள்ளவர் என்று. பத்துப் பண்புக்குப் பத்துக் கோப்பை வாங்கி வைத்துவிட்டு, 'அக்கறைக்கு யாரைப் போடலாம்' என்று ஆள் தேடுவார்கள். செயல் முதலில் பதிவாகட்டும், பண்பின் பெயர் பிறகு வரட்டும். ஒரு வருடம் துணிவுக்கு ஐந்து பேர் வந்து, சமநிலைக்கு ஒருவரும் இல்லாமல் போனால் அப்படியே விட்டுவிடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் வரும் ஐபி டிப்ளோமா முடிவுகளுக்கு வருகிறேன். மே மாதத் தேர்வு எழுதியவர்களுக்கு ஜூலை முதல் வாரத்தில் முடிவு வரும்போது பள்ளி விடுமுறையில் இருக்கும், பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். அவசரமாக நுழைவாயிலில் ஒரு பிளெக்ஸ் ஏறும்: 45க்கு 44, படத்தோடு. இந்த 45இல், ஆறு பாடத்துக்கு 7 வீதம் 42. எதை எப்படி அறிகிறோம் என்று ஆராயும் அறிவுக் கோட்பாட்டுப் பாடத்துக்கும், பிள்ளை தானே ஆராய்ந்து எழுதும் நீள்கட்டுரைக்கும் சேர்த்து 3. தேற 24 வேண்டும். ஊரார் எண்ணை மட்டும்தான் பார்ப்பார்கள். மறுமதிப்பீடு கேட்டால் மதிப்பெண் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். அது முடிவதற்கு முன் அச்சடித்தால் பிறகு தட்டி கழற்ற வேண்டிவரும். சராசரியிலும் கவனம் வேண்டும். 13 பேர் சராசரி 33 எடுத்து, பதினான்காவது பிள்ளை 45 எடுத்தால் சராசரி கிட்டத்தட்ட 34 ஆகிவிடும். இவ்வளவு சின்ன வகுப்பில் சராசரியும் உச்சமும் நீச்சமும் சேர்த்துப் போட்டால் நீச்சம் யாருடையது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். உச்சத்தோடு கூட வேறொன்றையும் சொல்லுங்கள்: யாருடைய 4,000 சொல் நீள்கட்டுரை எதைப் பற்றி, யார் இருமொழி டிப்ளோமா வாங்கினார்கள். மழைநீர் தேங்கும் தெருக்களை அளந்து எழுதிய பிள்ளையின் கட்டுரைத் தலைப்பை ஆகஸ்ட் முதல் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்தால், கேட்கிற பதினோராம் வகுப்புக்கு ஒரு வழி தெரியும்.

படம் போடுவதற்கு முன்னால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கையில் இருக்க வேண்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள்தான். சேர்க்கைப் படிவத்தில் கடைசிப் பக்கம் வாங்கிய பொதுக் கையெழுத்தை நம்பாதீர்கள். அச்சுக்கு, இணையத்துக்கு, பிளெக்ஸுக்கு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் முகமும் ஊரும் பள்ளிப் பெயரும் ஒன்றாக வெளியே போவது ஆபத்தாகவும் முடியலாம்.

பெயர் விஷயத்தைப் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். கொரியர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். சேர்க்கை மென்பொருளில் அது தலைகீழாக ஏறியிருக்கும். ஆங்கிலத்தில் 'லீ' என்று எழுதும் குடும்பப் பெயரை அவர்கள் வீட்டில் 'ஈ' என்பார்கள். நாம் 'சோய்' என்று படிப்பது அங்கே 'ச்வே'. நம் பெயர்களும் தப்புவதில்லை. யாழினி, ஆங்கில எழுத்து வழியாக வெளிமாநில அறிவிப்பாளர் வாயில் 'யாஸினி' ஆகிவிடுகிறாள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருப்பதால், பட்டியலிலிருந்து கணினி தானாகப் பெயர் நிரப்பிய (மெயில்மெர்ஜ்) சான்றிதழ் 'முருகேசன் கார்த்திகா' என்று வந்து விழுகிறது.

இதற்கு வேலை கொஞ்சம்தான். விருது பெறுபவர்கள் முடிவானதும், எதற்கென்று சொல்லாமல், பிள்ளையின் குரலிலேயே பெயரை ஐந்து நொடி பதிவு செய்து அனுப்பச் சொல்லிப் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் கேளுங்கள். எதற்கென்று தெரிந்துவிடக் கூடாது என்றால் முழு வகுப்பிடமும் கேளுங்கள். அறிவிப்பாளர் அதைக் கேட்டு, தன் கைப்பட, தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். அடுத்தவர் எழுதிய தாளைப் பார்த்துப் படித்தால் நாக்கு மறுபடியும் பழைய வழிக்கே போகும். சந்தேகமான பெயர்களை விழாவன்று காலையில் பிள்ளைக்கே ஒரு முறை சொல்லிக் காட்டட்டும்.

நேரக் கணக்கு எளிது. கூப்பிட்டு, வரியைப் படித்து, கை குலுக்கி, படம் எடுத்து இறங்க ஒருவருக்குச் சராசரி 40 நொடி. 60 பேர் என்றால் 40 நிமிடம். வரவேற்பு, சிறப்பு விருந்தினர் பேச்சு 12 நிமிடம், இரண்டு கலை நிகழ்ச்சி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணிக்குள் முடித்துவிடலாம். விளையாட்டுப் பரிசை விளையாட்டு விழாவிலும், பாடப் பரிசை அந்தந்தப் பிரிவின் காலைக் கூட்டத்திலும் கொடுத்துவிட்டால்தான் 60 பேரோடு நிற்கும். தொடக்கப் பிரிவுக்குத் தனியாக, காலையில், அரை மணி நேரம் போதும்.

மேடையில் எப்போதும் குளறுபடி ஆவது ஒரே இடத்தில்: வராத பிள்ளை. ஒருவர் இல்லையென்றால் அடுக்கில் ஒன்று நகர்ந்து, அதற்குப் பிறகு எல்லாருக்கும் அடுத்தவர் சான்றிதழ். பின்பக்கம் பென்சிலால் வரிசை எண் போடுங்கள். பிள்ளைகளைப் பத்துப் பத்தாகப் படிக்கட்டருகே நிறுத்தும் ஆசிரியர், வராதவரின் எண்ணை மேடைக்குப் பின்னால் இருப்பவரிடம் சொல்லி அந்தத் தாளை அப்போதே உருவச் செய்ய வேண்டும். ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது மறுபக்கம்; படத்துக்கு நிற்குமிடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டையில் அச்சடிக்கும்போது பத்து வெற்றுப் பிரதி சேர்த்து வாங்குங்கள். வருடா வருடம் கைமாறும் சுழற்கோப்பைகளைப் போன வருடம் வாங்கியவர்களிடமிருந்து ஜனவரியிலேயே திருப்பி வாங்கினால்தான் பெயர் பொறிக்க நேரம் இருக்கும்.

பணியாளர்களுக்கு ஓட்டு வேண்டாம். ஓட்டில் ஜெயிப்பவர் பெரிய வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்தான். மழலையர் ஆசிரியையும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் எந்த வருடமும் வரமாட்டார்கள். அவர்களுக்கும் அதே தாள், அதே ஒரு வரி. லேப் உதவியாளர் கந்தக அமிலப் புட்டிகளுக்கெல்லாம் புது லேபிள் ஒட்டி அலமாரியை மாற்றியடுக்கியது, ஆயாம்மா புதிதாகச் சேர்ந்த பிள்ளையை இரண்டு வாரம் கைபிடித்து வகுப்புக்குக் கூட்டிப்போனது, இவையெல்லாம் பதிவாகட்டும்.

5, 10, 15 வருடப் பணிக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள் என்றால் அலுவலகப் பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். டிரைவர், செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர்கள் பெரும்பாலும் காண்ட்ராக்டில் இருப்பார்கள். பள்ளியின் பட்டியலில் பெயரே இருக்காது. இருந்தாலும் காண்ட்ராக்டர் மாறியபோது சேர்ந்த தேதியும் மாறியிருக்கும். 12 வருடமாக அதே பஸ்ஸை ஓட்டுபவர் காகிதத்தில் இரண்டு வருடக்காரராக இருப்பார். பழைய வருடங்களின் பஸ் ரூட் தாள்களையும் பள்ளி ஆண்டு மலர்களையும் பார்த்து, அவரிடமும் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் டிரைவர் அண்ணன் ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று அவரிடம் உட்கார்ந்து கேட்டீர்களா? கூச்சமாக இருக்கலாம். நேரமும் காரணமாக இருக்கலாம். விழா முடிகிற நேரத்தில் அவர் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தி வைத்திருக்க வேண்டும். மேடையையே அவரிடம் கொண்டு போங்கள். காலை 7.50க்கு பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில், அவர் ரூட் பிள்ளைகள் இறங்கியதும் வரிசையில் நிற்கட்டும். அவர் வீட்டாரையும் வரச் சொல்லுங்கள். முதல்வர் அந்த ஒரு வரியைத் தமிழில் படிக்கட்டும், சான்றிதழும் தமிழிலேயே இருக்கட்டும். எந்த வரி என்று அவர் பஸ்ஸில் வரும் பிள்ளைகளைக் கேளுங்கள். மழை நாளில் வாசல்வரை குடை பிடித்தது யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அன்று காலை முதல் பீரியடைப் பத்து நிமிடம் தள்ளி வைக்க இப்போதே அனுமதி வாங்கிவிடுங்கள்.