தலவாக்கலையில் சும்மா இருப்பவர்கள்

வணக்கம் அண்ணா,

நான் மட்டக்களப்பு. ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பவன். தண்ணீரும் கல்லூரியும் சேர்ந்திருக்கும் ஊர்களை ஒரு தொடராக எடுத்து வருகிறேன். கண்டி வாவி, பேராதனை வளாகம் இரண்டும் முடிந்தன. நீங்கள் முன்பு எழுதியதை நம்பிப் போன மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் தேயிலை ஊரான தலவாக்கலைக்கு வந்தேன். காலை பத்தரைக்கு இறங்கி, பின்னேரம் மூன்று மணிக்கு பஸ் ஏறிவிட்டேன். நானூறு படம் எடுத்திருப்பேன், ஒன்றும் தேறவில்லை. அணைக்கட்டுத் தண்ணீர், கரையில் சும்மா உட்கார்ந்திருந்த சில கல்லூரிப் பிள்ளைகள், கடைத்தெரு, அவ்வளவுதான். டெவோன் நீர்வீழ்ச்சிப் பக்கம் கொழுந்துக் கூடையோடு நின்ற ஓர் அக்காவை எடுக்கப் போனால் காசு கேட்டார். மனசு விட்டுப்போய்விட்டது. நான் எதைத் தவறவிட்டேன்? திரும்ப வரலாமா?

ர., மட்டக்களப்பு

அன்புள்ள ர.,

வாருங்கள். ஆனால் நாலரை மணி நேரத்துக்கு வராதீர்கள். அது ஊர் பார்க்க வந்த கணக்கில்லை, பஸ் மாற இறங்கிய கணக்கு.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘சும்மா உட்கார்ந்திருந்த சில கல்லூரிப் பிள்ளைகள்.’ தம்பி, படம் அங்கேதான் இருந்தது.

அவர்கள் அநேகமாகப் பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிப் பிள்ளைகளாக இருக்கும். மூன்று வருடப் படிப்பு. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, கடைசி வருடம் ஏதாவது ஒரு பாடசாலையில் பயிற்சி. அங்கே படிப்பவர்களில் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் நிறையப் பேர். அம்மா கொழுந்து எடுத்திருப்பார், அம்மாவின் அம்மாவான அம்மாயியும் எடுத்திருப்பார். அந்த இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமைப் பகலில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கையில் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமையில்கூட விறகு, தண்ணீர், துணி என்று ஏதாவது ஒன்று இருக்கும். மகள் உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை காலமாக எங்கள் ஆட்களை எடுத்த படங்களைப் புரட்டிப் பாருங்கள். குனிந்திருப்பார்கள், சுமந்திருப்பார்கள், இல்லையென்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நிற்பார்கள். சும்மா இருக்கும் படம் எத்தனை தேறும்?

எனக்கும் இது பிந்தித்தான் விளங்கியது. கெமரா வாங்கிய புதிதில், குழாய் போல நீர் விழும் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியை எடுத்தேன். தேயிலை மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். இடுப்பில் சுற்றிய படங்கு, தலையை மூடிய கொங்காணி, காலில் அட்டை கடித்த ரத்தம். நல்ல வெளிச்சம். ஒரு பத்திரிகை அதை முழுப் பக்கத்துக்குப் போட்டு, கீழே ‘கூலிப் பெண்’ என்று எழுதியது. பெரிய பெருமையோடு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பாட்டியின் லய வீட்டுக் காம்பராவுக்குப் போனேன். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார். ‘ஏன் தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சேலை மாத்திட்டு வந்திருப்பேனே’ என்றார். படத்தை மடிக்காமல் தகரப் பெட்டிக்குள் வைத்தார். சுவரில் மாட்டவில்லை. சுவரில் ஏற்கனவே ஒரு படம் இருந்தது. ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பாட்டியும் தாத்தாவும் நாற்காலியில், பின்னால் திரைச்சீலையில் வரைந்த ஏரியும் இரண்டு அன்னமும்.

அந்த அன்னங்களைப் பார்த்து நான் மனதுக்குள் சிரித்துவிட்டு வந்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். அது உங்கள் வாவியைப் போலக் கடலோடு உறவாடும் பழைய தண்ணீர் இல்லை. 2012 இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் முடிந்தபோது வந்தது. அதற்கு முன் அங்கே கொத்மலை ஓயா கல்லில் மோதிக்கொண்டு ஓடியது. நாங்கள் குளித்த கற்கள் இப்போது அடியில். கரையில் இருந்த குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். தேக்கிய தண்ணீரை 12 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கத்தில் அனுப்பி 150 மெகாவாட் எடுக்கிறார்கள். சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் போக வேண்டிய தண்ணீர்தான் அது. பகலில் அருவிக்கும் ஒரு பங்கு விட வேண்டும் என்பது ஏற்பாடு, சுற்றுலா வருகிறவர்கள் பார்த்து வியப்பது அந்தப் பங்கை. தேக்கம் சின்னது, நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கரையோரம் ஒரு மண்பட்டை தெரிந்திருக்குமே, அதை வெட்டிவிட்டுத்தான் எல்லோரும் படம் போடுகிறார்கள். நீங்கள் வெட்டாதீர்கள்.

அந்த அக்கா காசு கேட்டதில் என்ன தப்பு? டெவோன் பக்கம் வீதியோரத்தில் கூடையோடு நிற்பவர்கள் அதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். மலைக்குள் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் சாக்குப் பைதான். கூடை உங்களுக்காகக் கட்டிக்கொண்டது. இனி, உண்மையாகவே கொழுந்து எடுக்கிற ஒருவரை ஐந்து நிமிடம் நிறுத்தினால் என்ன ஆகும்? நிறுவையில் கிலோ குறையும். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட்டதே பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021 இல். 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. நீங்கள் ஒரு நல்ல லென்ஸுக்குக் கொடுத்த பணத்தை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், அப்புறம் மனசு விட்டுப்போவதைப் பற்றிப் பேசலாம். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் கோபம்தான்.

நேரம் பற்றி. அடுத்த முறை வேலை நாள் ஒன்றையும் சேர்த்துத் தங்குங்கள். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும், ஆகவே ஆறரைக்கே பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். வெள்ளைச் சீருடை, மேலே ஸ்வெட்டர், ஈரச் சப்பாத்து, சேலை கட்டிய டீச்சர்மார், கொழும்புக்குப் போகும் பையன்களின் பை. பனிமூட்டத்தில் கெமராவின் வெளிச்சக் கணிப்பை அப்படியே நம்பினால் எல்லாம் சாம்பல் நிறமாகும். அது வெள்ளையைச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெளிச்ச அளவை அரை ஸ்டொப், முக்கால் ஸ்டொப் கூட்டி வையுங்கள். வெள்ளைச் சீருடைக்கும் அதே கதைதான். குளிரில் திரிந்துவிட்டுச் சூடான தேநீர்க்கடைக்குள் நுழைந்ததும் கெமராவை வெளியே எடுக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் கிடக்கட்டும், நீங்கள் ஒரு பிளேன்டீ குடியுங்கள். தை, மாசியில் வானம் தெளிவு, விடியலில் குளிர் பல்லை ஆட்டும். வைகாசிக்குப் பிறகு வந்தால் மழைதான். மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும், ஆனால் அது ராத்திரி முழுக்க விழித்திருக்கும் வேலை, அதற்கு வேறு கடிதம் எழுதுங்கள்.

கரையில் பிள்ளைகளைக் கண்டால் முதலில் கேளுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாட்டியைப் போல இல்லை, எந்தப் பக்கம் நின்றால் முகம் நன்றாக விழும் என்று உங்களுக்கே சொல்லித் தருவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள், அனுப்புங்கள். அதோடு ஒரு பிரதி கடையில் போட்டுக் கையில் கொடுங்கள். வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோவார்கள். எது சுவருக்குப் போகிறது, எது பெட்டிக்குப் போகிறது என்று அடுத்த தடவை வரும்போது கேட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும். அந்த அக்காவுக்குக் காசு கொடுத்தீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவே இல்லை.