வெஸ்டர்ன் வரலாற்றுக் காதல் நாவல்கள் படிக்கத் தகுந்தவைதானா? ஒரே புத்தகத்தை ஒருவர் கொண்டாடுகிறார், இன்னொருவர் திட்டித் தீர்க்கிறார். ஏன்?

தாராளமாகப் படிக்கலாம். ஆனால் அட்டையைப் பார்த்து எடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு வேலியில் சாய்ந்து நிற்கும் ஆள் எல்லா அட்டையிலும் இருப்பார். உள்ளே நடக்கும் கதைக்கும் அவருக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது.

நான் இந்த நாவல்களையும், அவற்றுக்கு வாசகர்கள் எழுதும் விமர்சனங்களையும் சேர்த்தே படிக்கிற ஆள். அந்தச் சண்டைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கருத்து உருவாகிவிட்டது. இந்தக் கதைகளில் வரும் காதலை நாம் நம்புகிறோமா என்பது, அதில் வரும் நிலத்தையும் வேலையையும் நம்ப முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது. 'இவர்களுக்குள் ஒட்டவே இல்லை' என்று தொடங்கும் விமர்சனம்கூட, கிளறிப் பார்த்தால் அங்கேதான் போய் நிற்கும்.

இந்த வகை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதற்குச் சற்று முன்பிலிருந்து அந்த நூற்றாண்டு முடியும் வரை டெக்சாஸ், கன்சாஸ், வயோமிங், கொலராடோ பக்கம் நடக்கும் காதல் கதைகள் இவை. லயன், முத்து காமிக்ஸ் படித்தவர்களுக்கு இந்த ஊர்கள் பழக்கம்தான். டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் குதிரையிலிருந்து இறங்கிய அதே புழுதித் தெரு. (டெக்ஸ் இத்தாலியில் பிறந்தவர், டைகர் பிரெஞ்சு மொழியில் பிறந்தவர். நம்மில் பலருக்கு அமெரிக்க மேற்கு ஐரோப்பா வழியாகத்தான் வந்து சேர்ந்தது என்பது தனி வேடிக்கை.) அந்தக் காமிக்ஸ்களில் துப்பாக்கிச் சண்டை தொடங்கினால் பெண்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வதோடு சரி. காதல் நாவல் அந்த ஜன்னலுக்கு உள்ளே போய் உட்காருகிறது.

உள்ளே என்ன இருந்தது? மரமே இல்லாத சமவெளியில் அடுப்பெரிக்க விறகு ஏது? காய்ந்த காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கி வந்து எரித்தார்கள். வீடு கட்டவும் மரம் இல்லை. புல்லும் வேருமாக இருக்கும் மேல்மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும், நின்ற பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். மண்ணும் பூச்சியும் சாப்பாட்டில் விழாமல் இருக்கக் கூரைக்குக் கீழே துணியை இழுத்துக் கட்டினார்கள். 1874இல் வந்த வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரை முடித்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியையும் தின்றது. இதை எழுதத் தெரிந்த ஒருவர் அந்த வீட்டுக்குள் ஒரு ஆணையும் பெண்ணையும் கொண்டுபோய் விட்டால் போதும். ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் மற்றவர் மாட்டையும் பார்த்து, தண்ணீரும் சுமந்து, ராத்திரி விழித்தும் இருக்க வேண்டும். அங்கே காதலை வாயால் சொல்ல வேண்டிய அவசியமே குறைவு.

இந்த நாவல்களின் பல முடிச்சுகள் ஒரு சட்டத்தைச் சுற்றியே போடப்படுகின்றன. 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டம். சிறிய கட்டணம் கட்டி 160 ஏக்கர் அரசு நிலத்தைப் பதிவு செய்யலாம். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்துக் காட்டினால் நிலம் சொந்தம். 21 வயதான, கல்யாணமாகாத பெண்ணும் விதவையும்கூடத் தன் பெயரிலேயே பதிவு செய்யலாம். கணவனோடு வாழும் பெண்ணுக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. அதாவது, கல்யாணத்தைத் தள்ளிப்போட ஒரு பெண்ணுக்கு 160 ஏக்கர் அளவுக்குக் காரணம் இருந்தது! இதைப் புரிந்துகொண்ட ஆசிரியரின் கையில் கதாநாயகியின் தயக்கம் கனமாக இருக்கும். புரியாதவர், 'முன்பு ஒருவன் ஏமாற்றிவிட்டான், அதனால் ஆண்களை நம்புவதில்லை' என்று ஒரு பழைய காரணத்தை ஒட்டவைத்து நகர்ந்துவிடுவார். 'இவளுக்குத்தான் நிலம் கிடைக்குமே, பின்னே ஏன் இந்த முரடனைக் கட்டிக்கொள்கிறாள்?' என்று கேட்கும் வாசகரை ரசனை இல்லாதவர் என்று சொல்ல முடியாது.

இந்த முடிச்சுக்குள் நிஜமாகவே வாழ்ந்த ஒருவர் உண்டு: எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட். டென்வரில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவர், 1909இல் சிறு மகளை அழைத்துக்கொண்டு வயோமிங்கில் கிளைட் ஸ்டூவர்ட் என்ற பண்ணைக்காரரின் வீட்டுக்கு வேலைக்குப் போகிறார். பக்கத்து நிலத்தைத் தன் பெயரில் பதிவு செய்கிறார். பழைய எஜமானியம்மாவுக்கு அங்கிருந்து கடிதங்கள் எழுதுகிறார்; 1914இல் அவை புத்தகமாக வந்தன. அந்தப் பண்ணைக்காரரையே சில வாரங்களில் மணந்துகொண்டதை மட்டும் ரொம்ப நாள் கழித்துத்தான் சொல்கிறார். இவ்வளவு அவசரமாக நடந்ததைச் சொல்ல வெட்கமாம். கல்யாணத்தன்று சமையல் வேலையில் மூழ்கி, ஏப்ரனையும் தேய்ந்த பழைய செருப்பையும் மாற்ற மறந்து அப்படியே போய் நின்றிருக்கிறார். அந்த நிலப் பதிவைப் பின்னால் மாமியாருக்காக விட்டுக்கொடுத்ததைக் கடிதங்கள் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் ஆவணங்களைப் பார்த்துத்தான் அது வெளியே வந்தது. எந்த நாவலாசிரியரும் இதைவிட நன்றாக முடிச்சுப் போட்டுவிட முடியாது.

அடுத்து, கடிதம் வழியாக வரும் மணப்பெண். விளம்பரம், கடிதம், சில சமயம் ஒரு புகைப்படம், அப்புறம் ரயில் டிக்கெட். இந்த ஒரு கருவை வைத்து மட்டும் மின்னூல் தொடர்கள் குவிந்து கிடக்கின்றன. 'எல்லாம் ஒரே கதை' என்ற வாசகர் புலம்பல் நியாயமானதுதான். ஒன்றைப் படித்தால் அந்தத் தொடரில் அடுத்த பத்தைப் படித்த மாதிரி. ஆனால் இதே கருவில் லொரெய்ன் ஹீத் எழுதிய 'டெக்சாஸ் டெஸ்டினி' (1997) போன்ற ஒன்றும் இருக்கிறது. கடிதம் எழுதிய டாலஸ் காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறான். ரயிலில் வந்து இறங்கும் பெண்ணைப் பண்ணைக்குக் கூட்டிவரத் தம்பி ஹூஸ்டன் போகிறான். உள்நாட்டுப் போரில் முகம் சிதைந்தவன் அவன், யாரையும் நேருக்கு நேர் பார்க்காமல் ஒதுங்கியே வாழ்கிறான். வண்டிப் பயணம் வாரக்கணக்கில் நீள்கிறது. மீதியை நீங்களே ஊகித்துவிடலாம். ஊகித்த பிறகும் படிக்க வைப்பதுதான் சாமர்த்தியம்.

நம்மூர் வாசகருக்கும் அமெரிக்க வாசகருக்கும் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனித்திருக்கிறேன். முன்பின் தெரியாதவரைக் கட்டிக்கொள்வது அவர்களுக்கு ஒரு சாகசம். மணமகள் தேவை விளம்பரத்தை ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு காதல் என்பதைத் தமிழ்க் குடும்ப நாவல்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவிட்டன. நம்மை உலுக்குவது அவள் தனியாகப் போவது. அம்மா வீடு இல்லை, சித்தி இல்லை, ஏதாவது தப்பாக நடந்தால் வந்து கேட்க ஒரு மாமா இல்லை. அந்தத் தனிமையின் பயத்தை எழுதிய நாவல் எனக்குப் பிடித்துவிடுகிறது. ரயிலடியில் அவன் தோளின் அகலத்தை அளப்பதிலேயே நிற்கும் நாவலைப் பாதியில் மூடிவிடுகிறேன்.

தகவல் பிழை பிடிக்கும் வாசகர்கள் ஒரு தனி ஜாதி. ரிவெட் (சின்ன உலோகக் குமிழ்) வைத்த ஜீன்ஸுக்கு 1873இல்தான் காப்புரிமை, முள்கம்பி வேலிக்கு கிளிடன் காப்புரிமை வாங்கியது 1874இல். 1866இல் நடக்கும் கதையில் இவை வந்தால் ஒரு நட்சத்திரம் போச்சு. குதிரை நாள் முழுக்க நாலுகால் பாய்ச்சலில் ஓடினால் இன்னொரு நட்சத்திரம். என்னைப் பொறுத்தவரை ஜீன்ஸை மன்னித்துவிடுவேன், குதிரையை மாட்டேன். குதிரைக்கும் களைப்பு வரும் என்பது தெரியாதவருக்கு மனுஷிக்குக் களைப்பு வருவதும் தெரிவதில்லை.

கதாநாயகி இந்தக் காலத்துப் பெண் மாதிரிப் பேசுகிறாள் என்ற புகாரும் அடிக்கடி வரும். இதில் நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். வயோமிங் பிரதேசம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது 1869இல். தனியாக நிலம் பதிவு செய்து, தனியாகப் பனிக்காலத்தைக் கழித்த பெண்கள் ஆவணங்களில் இருக்கிறார்கள். அவர்கள் அடக்கமாகத்தான் பேசியிருப்பார்கள் என்று யார் சொன்னது? எரிச்சல் தருவது வேறு ஒரு பெண்: மூன்றாம் பக்கத்தில் ஊரையே எதிர்த்துப் பேசுகிறாள், பத்தாம் பக்கத்தில் புயல் வருகிறது என்று சொல்லியும் கேட்காமல் கிளம்புகிறாள், பதினைந்தாம் பக்கத்தில் அவன் தூக்கிக்கொண்டு வருகிறான். அதைத் துணிச்சல் என்று சொன்னால் எப்படி?

இனி கசப்பான பகுதி. 160 ஏக்கர் அரசு நிலம் என்றேனே, அது யாருடைய நிலம்? பெரும்பாலான பழைய நாவல்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. தொட்டவை அதைவிட மோசம். 1980, 90களில் பூர்வகுடி வீரன் வெள்ளைக்காரப் பெண்ணைக் கடத்திப் போவதும், அவள் காதலில் விழுவதும் ஒரு தனி வியாபாரமாக ஓடியது. பல புத்தகங்களின் தலைப்பிலேயே 'காட்டுமிராண்டி' என்ற வார்த்தை இருக்கும். பலவந்தத்தைக் காதல் என்று விற்ற காலமும் அதுதான். அந்தப் புத்தகங்களை இன்றும் ஏக்கத்தோடு பேசும் வாசகர்கள் உண்டு. எனக்கு அவற்றில் ஒன்றைக்கூட முடிக்கும் பொறுமை இல்லை.

இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது 2021இல். காரென் விட்மெயர் எழுதிய 'அட் லவ்ஸ் கமாண்ட்' என்ற கிறிஸ்தவக் காதல் நாவலுக்கு அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் 'விவியன்' விருது கொடுத்தது. கதாநாயகன் அமெரிக்க ராணுவத்தின் ஏழாம் குதிரைப்படையில் இருந்தவன். நாவல் தொடங்குவதே 1890 டிசம்பரில் நடந்த வூண்டட் நீ படுகொலையில், அவனும் அங்கே இருக்கிறான். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான லகோட்டா பூர்வகுடி மக்கள் அந்தப் படையால் கொல்லப்பட்ட இடம் அது. அவன் வருந்தித் திருந்துகிறான், பாவமன்னிப்புதானே கிறிஸ்தவ நாவலின் அடிப்படை என்றார்கள் ஒரு சாரார். செத்தவர்களுக்கு அந்தக் கதையில் பெயர் உண்டா, குரல் உண்டா, அவன் நல்லவனாவதற்கு ஒரு படிக்கட்டாக மட்டும் அவர்கள் சாக வேண்டுமா என்று கேட்டார்கள் மறு சாரார். சில நாட்களில் சங்கம் விருதைத் திரும்பப் பெற்றது. நான் மறு சாரார் பக்கம். மன்னிப்பைப் பற்றி எழுதக் கூடாது என்பதில்லை. ஆனால் மன்னிக்கும் உரிமை உள்ளவர்கள் கதைக்குள் இல்லாமல் அவன் மன்னிக்கப்படுவது எனக்குக் கொஞ்சம் சௌகரியமான ஏற்பாடாகத் தெரிகிறது.

இப்படிச் சொன்னால் 'காதல் கதையில் அரசியல் எதற்கு' என்று ஒருவர் வருவார். அவருக்கு நான் காட்டும் பெயர் பெவர்லி ஜென்கின்ஸ். அவருடைய முதல் நாவல் 'நைட் சாங்' 1994இல் வந்தது. கன்சாஸில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உருவாக்கிய ஒரு ஊர், அங்கே ஒரு பள்ளி ஆசிரியை, பத்தாம் குதிரைப்படையைச் சேர்ந்த ஒரு கறுப்பின சார்ஜென்ட். ஊர் கற்பனை, ஆனால் அப்படிப்பட்ட ஊர்கள் இருந்தன. 1877இல் உருவான நிக்கோடெமஸ் இன்றும் கன்சாஸில் இருக்கிறது. ஆசிரியை என்றால் ஊர் முழுக்க அவள் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும். அந்தக் கண்காணிப்புக்கு நடுவில் காதல் நகர்வதுதான் கதையின் சுவை. ஜென்கின்ஸ் நாவல்களின் கடைசியில் ஆதார நூல் பட்டியல்கூட இருக்கும். பாடம் அதிகம், காதல் குறைவு என்று சிலர் குறை சொல்கிறார்கள். நடுவில் வரலாற்று விளக்கம் ஓரிரு இடத்தில் நீள்வது உண்மைதான். எனக்கு அது இடைஞ்சலாகப் படவில்லை.

படுக்கையறைக் காட்சிகள் பற்றியும் கேட்பீர்கள். வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று மதிப்பதே இல்லை. இதில் சண்டை போட ஒன்றுமில்லை, பதிப்பகத்தைப் பார்த்தாலே எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? அந்தக் காட்சிகள் இல்லாமல் வேண்டுமென்றால் ஜேனட் ஓக்கின் 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' (1979). கணவனைப் புதைத்த கையோடு, வயிற்றில் குழந்தையோடு நிற்கும் மார்ட்டியிடம், மனைவியை இழந்த கிளார்க் ஒரு ஏற்பாடு சொல்கிறான்: என் பெண்ணுக்குத் தாயாக இரு, வசந்தத்தில் வண்டிகள் கிழக்கே திரும்பும்போது போக விரும்பினால் பயணச் செலவை நானே தருகிறேன். மொழி எளிது, சமயப் பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அழ ஆசையாக இருந்தால் 'டெக்சாஸ் டெஸ்டினி'. ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்றால் 'நைட் சாங்'. நாவலே வேண்டாம் என்பவர்கள் எலினோரின் கடிதங்களை எடுங்கள். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.